நாற்பது நிமிஷ ஊர்

அத்தியாயம் 14

அச்சடித்து வந்த புத்தகத்தின் முதல் பக்கத்தில் அந்த எண்ணைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டில் பாதியை ஒதுக்கிவிட்டு எழுந்து போனவரைச் சென்ற வாரம் பார்த்தோம். ஏன் என்று கேட்ட மனைவியிடம் பல் வலி என்றார். பல் வலியெல்லாம் இல்லை. அந்த எண்தான்.

"ரயில் நிலையத்திலிருந்து நாற்பதே நிமிஷம்!"

விரல் பருமனுக்குச் சிவப்பு எழுத்து. கம்பெனிகளை ஊருக்கு அழைக்கும் அந்தப் புத்தகத்தை எழுதியவள் அவருடைய ஒரே மகள். நகர்மன்ற அலுவலகத்தில், பிறப்பு இறப்புப் பதிவு ஜன்னலுக்கு மேலே உள்ள ஒற்றை அறையில் உட்கார்ந்து, இந்தச் சின்ன ஊருக்குத் தொழிற்சாலை கொண்டுவருவதுதான் அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. ஒரு வருஷ வேலை. இந்த மாதத்தோடு முடிகிறது. வந்த மூன்று கம்பெனிகள் டீ குடித்துவிட்டுப் போய்விட்டன. நான்காவதாக வருவது காளான் வளர்க்கும் கம்பெனி. வந்தால் நூற்று நாற்பது பேருக்கு வேலை. மகள் வீடு வீடாக ஏறி இறங்கி, வேலைக்கு வரச் சம்மதம் என்று இருநூற்றுப் பதினாறு பெண்களிடம் கையெழுத்து வாங்கி வைத்திருந்தாள்.

கம்பெனி கேட்டது ஒன்றே ஒன்று. விடிகாலையில் பறிக்கிற காளான் வாடுவதற்குள் ரயிலின் குளிர்பெட்டிக்குப் போய்ச் சேருமா?

சேரும் என்று மகள் எழுதினாள். நாற்பது நிமிஷத்தில் சேரும். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. அப்பா சொன்ன கணக்கு ஆயிற்றே!

அந்த ஊரில் அவருக்குப் பெயரே நாற்பதார். ரயில் நிலையத்துக்கும் ஊருக்கும் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். மாலை ஏழு நாற்பதுக்கு அவர் வண்டி கடைவீதி முனையில் திரும்பினால், கடைக்காரர்கள் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார்கள். ஓய்வு பெற்ற அன்று, "முப்பத்தொரு ஆண்டுகள், ஒரு நாளும் தாமதமில்லை" என்று பொறித்த கேடயம் கொடுத்தார்கள். கூடத்துச் சுவரில் அது தொங்குகிறது. வாரம் ஒருமுறை அவரே துடைப்பார். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

கம்பெனி ஆள் வருகிற அன்று காலை, ரயிலடிக்குப் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மனைவியின் தம்பி. அந்த முப்பத்தொரு வருஷமும் அவர் வண்டியில் கண்டக்டராக இருந்தவர்.

"அத்தான், நீங்கதான் அந்த அம்மாவைக் கூட்டிட்டு வரப் போறீங்களாமே?"

"ஆமா."

"இடுப்பு பிடிச்சிருக்குன்னு சொல்லிப் படுத்துடுங்க."

"இதுவரைக்கும் நான் இடுப்பு பிடிச்சிருக்குன்னு ஒரு நாள் படுத்திருக்கேனா?"

"அதுக்காகத்தான் சொல்றேன், சொன்னா நம்புவாங்க. வேற யாராவது ஓட்டி அம்பத்தஞ்சு ஆச்சுன்னா, ஓட்டினவன் சரியில்லன்னு போயிடும். நீங்க ஓட்டி அம்பத்தஞ்சு ஆச்சுன்னா..."

"போனை வை."

"நேரம் குறிக்கிற டிரிப் ஷீட்டு எழுதினது நான் அத்தான். என் பேரும் சேர்ந்துதான் நாறும்."

அவர் போனை வைத்துவிட்டார். விஷயம் இதுதான். அந்தச் சாலையை ஒரு நாளும் அவர் நாற்பது நிமிஷத்தில் ஓட்டியதில்லை. யாராலும் ஓட்ட முடியாது.

வேலையில் சேர்ந்த புதிதில் யாரோ மேலதிகாரி வரைபடத்தைப் பார்த்து நாற்பது என்று நேரம் போட்டார். ரயிலடியில் ஏழு மணிக்கு எடுக்க வேண்டும். ஏழு நாற்பதுக்கு ஊரில் நிற்க வேண்டும். அவர் முட்டி மோதிப் பார்த்தார். ஐம்பத்தைந்துக்குக் கீழே இறங்கவில்லை. முதல் மாதத்திலேயே தாமதத்துக்கு மூன்று மெமோ; கேடயம் பொறித்தவர்கள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. அவர் குடும்பத்தில் மெமோ வாங்கியவர்கள் கிடையாது. நான்காவது வருவதற்குள் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ரயில் ஆறு முப்பத்தைந்துக்கு வரும். இறங்கிய கூட்டம் ஏறியதும் ஆறே முக்காலுக்கு வண்டியை எடுத்துவிடுவார். தாளில் மட்டும் ஏழு மணி. ரயில் வந்ததும் பஸ் புறப்படும் என்பதுதான் ஊருக்குத் தெரியும். புறப்படுகிற மணியைப் பார்த்தவர் யார்? வந்து சேருகிற மணியைத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

அந்தப் பொய்யை ஊர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. ஸ்கூட்டரில் போய் ஐம்பத்தைந்து நிமிஷம் ஆனவன், "வழியில ஒரு டீ குடிச்சேன், அதான்" என்று தன்னைத்தானே குறை சொல்லிக்கொண்டான். காரில் போனவன் டயரில் காற்று குறைவு என்றான். நாற்பதைச் சந்தேகிக்க ஒருவனுக்கும் தோன்றவில்லை.

பெற்ற மகளுக்கும் தோன்றவில்லை. "எனக்கும் அம்பத்தஞ்சு ஆகுதுப்பா. எனக்கு ஓட்டவே வரலை. உங்க கை வேற. நீங்களே வந்து ஓட்டுங்க" என்று போன வாரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். முப்பது வயதுப் பெண் குழந்தை மாதிரிக் கேட்டால் எந்த அப்பன் மாட்டேன் என்பான்?

மனைவி அவர் சட்டைக் காலரை நீவிவிட்டாள். "பல் வலி எப்படி இருக்கு?"

"இருக்கு."

"வர்றப்ப போயிடும்" என்றாள் அவள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை.

கம்பெனி அம்மாள் பட்டுப்புடவையும் பகட்டுமாக வருவாள் என்று அவர் நினைத்திருந்தார். வந்தவள் பருத்திப் புடவையும், தேய்ந்த செருப்பும், தோளில் ஒரு துணிப்பையுமாக ரயிலிலிருந்து இறங்கினாள். ஐம்பது வயது இருக்கும். நகர்மன்ற வேனில் ஏறி உட்கார்ந்ததும் முதல் காரியமாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஒன்பது நாற்பது. போலாமா?"

"போலாங்க" என்றார் அவர்.

பின்னால் மகள் பேசத் தொடங்கினாள். காளான் வளர்க்கத் தரப்போகிற பழைய தானியக் கிடங்கின் இரண்டடி கனமுள்ள சுவரைப் பற்றி, கோடையிலும் அதற்குள் வேர்க்காது என்பதைப் பற்றி, வேலை தேடித் தினமும் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிற பெண்களைப் பற்றி. மனப்பாடம் செய்த பேச்சு இல்லை. அந்தப் பெண்களின் வீட்டு வாசலில் நின்றவளுக்குத்தான் அந்தப் பேச்சு வரும். அவருக்கு நெஞ்சு நிறைந்தது. நிறைந்த நெஞ்சோடு காலை அழுத்தினார்.

வேன் பறந்தது. பஸ் அல்லவே இது, முயன்றுதான் பார்ப்போமே என்று ஒரு சபலம். சந்தை முனையைக் கடந்தார். குறுகிய பாலத்தில் வழக்கமாக இறக்குகிற வேகத்தை இறக்கவில்லை. எதிரே சைக்கிளில் புல்லுக்கட்டோடு வந்த ஒரு பெண் பதறிப்போய்க் கைப்பிடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கட்டு சரிந்து தண்ணீரில் விழுந்தது.

"அப்பா!" என்றாள் மகள்.

அவர் காலைத் தளர்த்தினார். கண்ணாடியில் அந்தப் பெண் சின்னதாகிக்கொண்டே வந்து, கையை இடுப்பில் வைத்தபடி நின்றாள். முப்பத்தொரு வருஷத்தில் அவர் ஒரு கோழிமேல் கூட வண்டியை ஏற்றியதில்லை. அதற்கு யாரும் கேடயம் கொடுக்கவில்லை. ஆனால் அதுதான் நிஜம்.

இருபத்தாறாவது நிமிஷத்தில் ரயில்வே கேட். மூடியிருந்தது.

இந்த நேரத்தில் மூடும் என்பது அவருக்குத் தெரியாததா? சரக்கு வண்டி போக வேண்டும். பதினைந்து நிமிஷத்துக்குக் குறையாது. அவருடைய மாலை வண்டி வரும் நேரத்தில் மட்டும் இந்தக் கேட் மூடாது. அது அவருடைய அதிர்ஷ்டம்.

கம்பெனி அம்மாள் எட்டிப் பார்த்தாள். "இந்தக் கேட் எப்பவும் இப்படித்தானா?"

"இல்ல மேடம்" என்றாள் மகள். "இன்னைக்குத்தான். அபூர்வமா எப்பவாவது."

அவர் கண்ணாடியில் மகளைப் பார்த்தார். அவள் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் சிவந்திருந்தது.

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. ஆறு வயதில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு, துண்டுகளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து, "நான்தான்ப்பா" என்று நின்றவள். இன்றைக்கு அவள் வாயில் பொய் வருகிறது. யாருக்காக? அவருடைய நாற்பதைக் காப்பாற்ற. அவர் போட்ட பொய்யை அவள் வாரிசாக வாங்கிக்கொண்டிருக்கிறாள். இதற்கா குடும்ப கௌரவம் என்று பெயர்?

சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. திரும்பி உட்கார்ந்தார்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லணும். கேட் அபூர்வமா மூடுறதில்ல. ஒரு நாளைக்கு ஒன்பது தடவை மூடும்."

"அப்பா..."

"இரு குட்டிம்மா." அவர் மகளைப் பார்க்கவில்லை. பார்த்தால் பேச்சு நின்றுவிடும். "நாற்பது நிமிஷங்கிறது பொய். என் மகளுக்கு அது தெரியாது. நான் சொன்னதை நம்பி எழுதிட்டா. இந்த ரோட்டுல ஒழுங்கா ஓட்டினா அம்பத்தஞ்சு. கேட் மூடியிருந்தா எழுபது. முப்பத்தொரு வருஷம் நான் ரயிலடியில பதினஞ்சு நிமிஷம் முன்னாடியே வண்டியை எடுத்துட்டு, ஏழு மணிக்கு எடுத்ததாக் கணக்குக் காட்டினேன்."

கேட்டின் மறுபக்கம் ஒரு டிராக்டர் உறுமிக்கொண்டு நின்றது.

கம்பெனி அம்மாள் துணிப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். "ஒன்பது தடவைன்னீங்களே. எந்தெந்த நேரம்?"

அவர் சொன்னார். விடிகாலை நாலே கால், ஐந்து இருபது, ஏழு ஐந்து என்று ஒவ்வொன்றாக, எது எத்தனை நிமிஷம், எந்தக் கிழமை எது வராது என்பது வரை. இதைச் சொல்ல அவருக்குத் தாள் தேவைப்படவில்லை. அவள் எழுதிக்கொண்டாள். முகத்தில் நல்லதும் தெரியவில்லை, கெட்டதும் தெரியவில்லை.

சரக்கு வண்டி தடதடவென்று போயிற்று. கேட் திறந்தது. அதற்குப் பிறகு அவர் தன் வழக்கமான வேகத்தில் ஓட்டினார்.

கிடங்கு வாசலில் நகர்மன்றத் தலைவர் மாலையோடு நின்றார். கம்பெனி அம்மாள் மாலையை வாங்கும் முன் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எழுபத்திரண்டு."

"பள்ளிக்கூடத்துக்கிட்ட ரெண்டு நிமிஷம் நின்னேங்க" என்றார் அவர். "பிள்ளைங்க ரோட்டைத் தாண்டினாங்க."

தலைவருக்கு மாலை கையிலேயே தொங்கியது. "என்ன நாற்பதாரே, எழுபத்திரண்டா? வழியில வண்டி படுத்துடுச்சா?"

"வண்டி நல்லாத்தான் ஓடிச்சு" என்றாள் கம்பெனி அம்மாள். "இவர் எல்லாம் சொன்னார்." நின்ற நிற்பிலேயே நான்கு வாக்கியத்தில் அவள் விஷயத்தைச் சொல்லி முடித்தாள். தலைவர் முகம் சுண்டிப்போயிற்று.

உள்ளே மகள் கிடங்கைச் சுற்றிக்காட்டினாள். குரல் கட்டை மாதிரி வந்தது. ஆனால் ஒன்றையும் விடவில்லை. மின்சாரம், கிணறு, இருநூற்றுப் பதினாறு கையெழுத்து, எல்லாவற்றையும் காட்டினாள். அவர் வெளியே வேன் நிழலில் நின்றார். அவளைப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை.

மூன்று மணிக்குக் கம்பெனி அம்மாள் வேறொரு ஓட்டுநரோடு திரும்பிப் போனாள். போகும்போது மகளிடம் ஒரே ஒரு வார்த்தை: "எங்க ஆளுங்ககிட்ட இந்தப் புத்தகத்தைக் காட்டணும்னா, முதல் பக்கம் இப்படி இருக்கக் கூடாது." வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

வேன் கண்ணில் மறைந்ததும் தலைவர் மகள் பக்கம் திரும்பினார். "நாளைக்குப் பத்து மணிக்கு என் ரூமுக்கு வாம்மா. உன் வேலை விஷயமாப் பேசணும்."

வீடு வரைக்கும் இருவரும் நடந்தே வந்தார்கள். கடைவீதியில் யாரோ "நாற்பதாரே!" என்று கூப்பிட்டார்கள். அவர் காதில் விழாதது போல நடந்தார்.

கூடத்தில் மனைவி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

அவர் கால் கழுவக்கூட இல்லை. நின்றபடியே சொன்னார். கேட், கம்பெனி அம்மாள், ஆறே முக்கால், எல்லாம். சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டார். "உன்கிட்டயும் மறைச்சுட்டேன்."

மனைவி ஒரு வெண்டைக்காயை எடுத்துக் காம்பைக் கிள்ளினாள்.

"எனக்குத் தெரியுங்க."

"என்ன தெரியும்?"

"ஆறே முக்கால்னு தெரியும். இவளுக்கு ரெண்டு வயசு. ரயிலடிக்குப் பக்கத்துல அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஏழு மணி வண்டின்னு போர்டுல போட்டிருக்கேன்னு, ஆறு அம்பதுக்கே வந்து நின்னேன். வண்டி போயிடுச்சுன்னான் பழக்கடைக்காரன். மழை வேற. இவளை முந்தானைக்குள்ள போட்டுக்கிட்டுக் கடைசி வண்டி வரைக்கும் உக்காந்திருந்தேன்."

அவருக்கு அந்த ராத்திரி ஞாபகம் இருந்தது. பூட்டிய வீட்டு வாசலில் தவித்து நின்றதும், நனைந்து வந்தவளைப் பார்த்துக் கோபமாய்க் கத்தியதும். "அக்கா வீட்டுல நேரமாயிடுச்சுன்னு சொன்னியே!"

"வேற என்னத்தைச் சொல்ல? அன்னைக்குத்தான் உங்களுக்கு அந்த வருஷத்துக்கான பாராட்டுக் கடுதாசி வந்திருந்தது. பையில வெச்சுக்கிட்டு, எப்ப காட்டலாம்னு நின்னீங்க."

யாரோ இரண்டு அயலூர்க்காரர்கள் எப்போதாவது வண்டியைத் தவறவிட்டிருப்பார்கள், போகட்டும் என்றுதான் இத்தனை வருஷமும் மனசைத் தேற்றி வைத்திருந்தார். தவறவிட்டது பெண்டாட்டியும் பிள்ளையும்.

"ஒரு நாள் கூடக் கேக்கலியே நீ."

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். கொஞ்சம் லேட்டாச்சு. பரவாயில்ல." அவள் சிரித்தாள். "பல் வலி போச்சா?"

மகள் சட்டென்று எழுந்து உள்ளே போனாள். அறைக் கதவு சாத்திக்கொள்ளும் என்று அவர் எதிர்பார்த்தார். சாத்தவில்லை. அவள் ஒரு அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டு வந்து கூடத்தின் நடுவே வைத்தாள். புத்தகங்கள். இன்னும் அனுப்பாத முந்நூறு பிரதி. மேலே மூன்று பேனா.

"நாற்பதை நான் ஒரு வாட்டியாவது சந்தேகப்பட்டிருக்கணும்ப்பா" என்றாள். குரல் உடைந்திருந்தது. "எனக்கு ஒவ்வொரு வாட்டியும் அம்பத்தஞ்சுதான் ஆச்சு. உங்களைவிட என் கடிகாரத்தை நம்பியிருக்கணும். அது என் வேலை. அப்புறம், கேட் வாசல்ல நானும் பொய்தானே சொன்னேன்."

"அது நான் குடுத்த பொய்."

"வாங்கினவ நான்தானே? உக்காருங்க. நாற்பதை அடிச்சு அம்பத்தஞ்சுன்னு எழுதணும். கீழே கேட் நேரம். நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்."

"நானே எழுதறேன்" என்றார் அவர். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து முதல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார். சிவப்பு நாற்பதின் மேல் பேனாவை வைத்தார். ஒரே கோடு. நேராகப் போட்டார். பக்கத்தில் குண்டுகுண்டாக ஐம்பத்தைந்து என்று எழுதினார்.

மனைவி சுவரை நிமிர்ந்து பார்த்தாள். "அதைக் கழட்டிடட்டுமா?"

அவர் முதுகு நிமிர்ந்தது. "எதுக்கு? ஏழு நாற்பதுக்கு வந்து சேர்ந்தது நிஜம். அதுக்குத்தான் குடுத்தாங்க. கிளம்பின நேரத்துக்கு எனக்கு யாரும் கேடயம் குடுக்கலை."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள்.

அறுபதாவது பிரதியைத் தாண்டியபோது அவர் நிமிராமலே கேட்டார். "நாளைக்குத் தலைவர் பத்து மணிக்குத்தானே வரச் சொன்னார்?"

"ஆமாப்பா."

"நானும் வர்றேன். தப்பு என்னுது. உன் வேலையைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி அவர் என்கிட்ட பேசட்டும்."

"உங்களைத் திட்டுவார்."

"திட்டட்டும். மூணு மெமோ வாங்கினவன்தான் நான்." இதையும் இன்றைக்குத்தான் முதல் தடவையாக வீட்டில் சொல்கிறார். "நடந்து போனா பத்து நிமிஷம். ஒன்பது அம்பதுக்குக் கிளம்புவோம்."

மனைவி நறுக்கிய காயை அள்ளிக்கொண்டு அடுக்களைப் பக்கம் போனவள் நிலைப்படியில் நின்றாள்.

"ஒன்பது முப்பத்தஞ்சுக்கே செருப்பைப் போட்டுடுவீங்களே" என்றாள். "இந்தத் தடவை நாங்களும் ஏறினப்புறம் எடுங்க."